பலகையில்லாத நாற்சந்தியில் வழிவிட வேண்டியவர் யார்? ஒரு மோதலின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

குடியிருப்புப் பகுதி ஒன்றில் இரண்டு சாலைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி. வடக்கு தெற்காகப் போவது 7 மீட்டர் அகலம். புதிதாகத் தார் போட்டது, கண்ணுக்கெட்டிய தூரம் வளைவே இல்லை. கிழக்கு மேற்காகப் போவது 5.5 மீட்டர், அங்கங்கே ஒட்டுப் போட்ட பழைய தார். முதலாவதை அகலச் சாலை என்றும் மற்றதைக் குறுக்குத் தெரு என்றும் இந்த ஆய்வில் அழைக்கிறோம்.

சந்திப்பில் சிக்னல் கிடையாது, காவலர் நிற்பதில்லை, நான்கு பக்கமும் ஒரு பலகைகூட இல்லை. குறுக்குத் தெரு வாயில்களில் முன்பு வெள்ளைக் கோடு இருந்தது. அகலச் சாலைக்குத் தார் போட்டபோது அது அடியில் போய்விட்டது. தார் வேலையின் ஒப்பந்தத்தில் கோடு போடும் வேலை சேர்க்கப்படவில்லை, அதனால் யாரும் திரும்பப் போடவில்லை.

தார் போடும்வரை இங்கே பெரிய விபத்து எதுவும் பதிவாகவில்லை. அதற்குக் காரணம் ஒழுங்கு அல்ல, குழிகள்தான். எல்லோரும் மெதுவாக வந்ததால் யாருக்கு யார் வழிவிடுவது என்ற கேள்வி, பம்பருக்குப் பம்பர் நெருங்கிய பிறகு கண்ணாலும் கையாலும் தீர்ந்துகொண்டிருந்தது. சாலை சீரானதும் வேகம் ஏறியது, கேள்வி மட்டும் அப்படியே நின்றது. சாலையைச் சீரமைக்கும் எந்தத் திட்டத்திலும் நாம் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து.

## நடந்தது

மாலை ஆறரை மணிக்கு மேல். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, மழை இல்லை, சாலை உலர்ந்திருந்தது. ஒரு ஸ்கூட்டர் அகலச் சாலையில் தெற்கிலிருந்து வடக்கே போனது. ஓட்டியவரும் பின்னால் இருந்தவரும் ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். அதே நேரத்தில் ஒரு கார் குறுக்குத் தெருவில் கிழக்கிலிருந்து மேற்கே வந்தது. அதாவது, ஸ்கூட்டருக்குக் கார் வலப்பக்கம். காருக்கு ஸ்கூட்டர் இடப்பக்கம்.

கார் நிற்கவில்லை, வேகத்தைக் குறைத்தது. ஓட்டியவர் ஹார்ன் அடித்தார், வலப்பக்கம் பார்த்தார், வண்டி எதுவும் இல்லாததால் சந்திப்புக்குள் நுழைந்தார். ஸ்கூட்டர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அகலச் சாலையின் மேற்குப் பாதியில் காரின் இடப்பக்க முன்கதவில் ஸ்கூட்டர் மோதியது. ஸ்கூட்டர் ஓட்டியவருக்குத் தோளருகே உள்ள காரை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்தவருக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு. காரில் இருந்தவர்களுக்குக் காயமில்லை.

தார்ச்சாலையில் பிரேக் தடம் இல்லை. காரின் தடமும் இல்லை, ஸ்கூட்டரின் தடமும் இல்லை. தடம் பதியும் அளவுக்கு இருவரும் பிரேக்கை அழுத்தும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றே அதிலிருந்து தெரிகிறது.

மறுநாள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபோது சொன்னது இது.

"நான் மெயின் ரோட்டுலதானே சார் வர்றேன். தெருவுலேர்ந்து வர்றவங்கதானே நிக்கணும்?" என்றார் ஸ்கூட்டர் ஓட்டியவர்.

"வலப்பக்கம் பார்த்தேன் சார், ஒண்ணுமே வரல. ஹார்னும் அடிச்சேன்" என்றார் கார் ஓட்டியவர்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தம் பக்கம் நியாயம் இருப்பதாக இருவரும் முழுமனதாக நம்பினார்கள். இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

## விதி என்ன சொல்கிறது

கூடியிருந்தவர்கள் வழக்கம்போலப் பெரிய வண்டியின் மேல்தான் தப்பு என்றார்கள். விதியில் வண்டியின் அளவுக்கு இடமில்லை. இந்தியாவில் 1989-இல் வந்த சாலை விதி ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாக இரண்டாகப் பிரித்தன. கட்டுப்பாடு இல்லாத சந்திப்புக்குள் நுழைபவர், தான் நுழையும் சாலை முதன்மைச் சாலை என அறிவிக்கப்பட்டிருந்தால் அதில் செல்லும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். அப்படி அறிவிக்கப்படாத மற்ற எல்லா இடங்களிலும் தன் வலப்பக்கத்திலிருந்து சந்திப்பை நோக்கி வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 118-இன் கீழ் 2017-இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்து பழையவற்றை நீக்கின. சந்திப்பில் வழிவிடும் அடிப்படை மாறவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'அறிவிக்கப்பட்ட'. ஒரு சாலை அகலமாக இருப்பதாலோ, புதுத் தார் போட்டதாலோ, அதில் வண்டி அதிகம் போவதாலோ முதன்மைச் சாலை ஆகிவிடாது. பலகையோ கோடோ அதைச் சொல்ல வேண்டும். இந்தச் சந்திப்பில் எதுவும் சொல்லவில்லை. ஆகவே வலப்பக்க விதிதான் பொருந்தும். விதிப்படி பார்த்தால் ஸ்கூட்டர்தான் காருக்கு வழிவிட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. விசாரிக்க வந்த காவலர்களில் ஒருவரும் முதலில் நம்பவில்லை.

ஆனால் கார் ஓட்டியவர் இதனால் தப்பிவிட முடியாது. அதே ஒழுங்குமுறைகள் இன்னொன்றையும் சொல்கின்றன: சந்திப்பை நெருங்கும் எந்த ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லாமல் நுழைய முடியும் என்று தெரியாமல் நுழையக் கூடாது. அவர் இடப்பக்கம் பார்க்கவே இல்லை. ஹார்ன் அடிப்பது வழி கேட்பது ஆகாது, வழி கிடைத்ததற்கு அடையாளமும் ஆகாது.

'எனக்குத்தான் முன்னுரிமை' என்று பேசுவது நம் பழக்கம். விதி அப்படிப் பேசுவதில்லை. யார் வழிவிட வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. எதிரில் வருபவர் வழிவிடாதபோது நேரே போய் மோதும் உரிமையை எவருக்கும் தரவில்லை. இழப்பீட்டு வழக்குகளில் இரு தரப்பின் கவனக்குறைவையும் பங்கு பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

வலப்பக்க விதி ஏன் வலப்பக்கம் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். குறுக்குச் சாலைக்குள் நுழையும்போது நமக்குக் கிட்டப் பாதியில் வருபவர் வலமிருந்து வருகிறார், எட்டப் பாதியில் வருபவர் இடமிருந்து வருகிறார். முதலில் மோதக்கூடியவர் வலப்பக்கத்தவர். அதனால் 'வலம், இடம், மறுபடி வலம்' என்று பார்க்கக் கற்றுத்தருகிறோம். கார் ஓட்டியவர் முதல் வலத்தோடு நிறுத்திக்கொண்டார்.

## மூலையில் அளந்தவை

தென்கிழக்கு மூலையில்தான் இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. அங்கே 1.8 மீட்டர் உயரச் சுற்றுச்சுவர். சுவரின் முனை அகலச் சாலையின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், குறுக்குத் தெருவின் விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி. முனையில் வெவ்வேறு உயரங்களில் வெள்ளை, சிவப்பு, நீலப் பெயின்ட் கீறல்கள். யாரும் புகார் கொடுக்காத உரசல்களின் பதிவு அது. விபத்துக் கணக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லப்படும் சந்திப்புக்குப் போனால் முதலில் சுவர் முனையையும் சாக்கடை ஓரத்தையும் பாருங்கள். இங்கே சாக்கடையோரம் பழைய இண்டிகேட்டர் கண்ணாடித் துண்டுகளும் கிடந்தன.

சுவரைத் தாண்டி, அகலச் சாலையின் கிழக்கு ஓரத்தில், முனையிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டரில் ஒரு மினி லாரி தினமும் மாலையில் நிறுத்தப்படும். அன்றும் நின்றது.

காரில் ஓட்டுநரின் கண் பம்பருக்கு 2.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. பம்பர் சாலை விளிம்பைத் தொடும்போது கண் இன்னும் தெருவுக்குள்தான். அந்த நிலையில் இடப்பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று டேப் பிடித்து அளந்ததில்:

- சுவர் மட்டும் மறைத்தால் 29 மீட்டர்.
- மினி லாரியும் நின்றால் 9 மீட்டர்.

ஸ்கூட்டர்களின் வேகத்தை அறிய, சாலையில் 50 மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்தார்கள். 6 வினாடி என்றால் மணிக்கு 30 கி.மீ., 4.5 வினாடி என்றால் 40, 3.6 வினாடி என்றால் 50. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆனால் அளப்பவர்கள் சாலையோரத்தில் மறைவாக நிற்க வேண்டும். காக்கிச் சட்டையோ பளிச்சென்ற மேலாடையோ தெரிந்தால் எல்லோரும் பிரேக் பிடித்துவிடுவார்கள், அளவு பொய்யாகிவிடும். பெரும்பாலான ஸ்கூட்டர்கள் நாலரை வினாடியை ஒட்டி வந்தன.

மணிக்கு 40 கி.மீ. என்பது வினாடிக்கு 11 மீட்டர். 9 மீட்டரைக் கடக்க ஒரு வினாடிகூட ஆகாது. கார் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் விளிம்பிலிருந்து மேற்குப் பாதிக்குப் போக ஆகும் நேரமும் ஏறக்குறைய அதே ஒரு வினாடிதான். நம் சாலை வடிவமைப்பில் 40 கி.மீ. வேகத்துக்கு நிறுத்தத் தூரம் 45 மீட்டர் என்று கொள்கிறோம்: கண்டு உணர்ந்து பிரேக்கை மிதிக்க 2.5 வினாடியில் 28 மீட்டர், பிரேக் பிடித்த பின் 16, 17 மீட்டர். தேவை 45, இருந்தது 9. அந்த மாலையில் அதே வேகத்தில் எத்தனை கெட்டிக்கார ஓட்டுநர் வந்திருந்தாலும் இதே மோதல்தான்.

ஸ்கூட்டரின் ஹெட்லைட் எரியவில்லையோ என்ற சந்தேகமும் எழுந்தது. 2017 ஏப்ரல் முதல் வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது விளக்கும் எரியும். இந்த ஸ்கூட்டரும் அப்படிப்பட்டதே. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. லாரியின் பின்கதவைத் தாண்டி அந்த வெளிச்சம் வரவில்லை.

## எடுத்த முடிவுகளும் விட்டுவிட்டவையும்

குடியிருப்பாளர்கள் இரண்டு கேட்டார்கள்: சிக்னல், வேகத்தடை. இரண்டும் உடனே ஏற்கப்படவில்லை.

சிக்னல் வைக்கும் அளவுக்கு இங்கே வண்டி இல்லை. எதிரே ஒரு வண்டியும் இல்லாமல் சிவப்பில் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னால், ஒரு வாரம் நிற்பார்கள், அடுத்த வாரம் தாண்டுவார்கள். அப்புறம் பச்சையை நம்பி வருபவருக்குத்தான் ஆபத்து. சிறு ரவுண்டானாவும் பேசப்பட்டது. 7 மீட்டரும் 5.5 மீட்டரும் சந்திக்கும் இடத்தில் நடுவில் வட்டம் போட்டால் வண்டிகள் அதைச் சுற்ற மாட்டா, ஏறித்தான் போகும். நான்கு பக்கமும் 'நில்' பலகை வைக்கலாம் என்றார் ஒருவர். ஒரே நேரத்தில் நின்ற இருவரில் முதலில் கிளம்புவது யார் என்ற பழைய கேள்வியே அங்கேயும் வரும்.

வலப்பக்க விதியை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னால் போதாதா என்பது நேர்மையான கேள்வி. விதி அதுதான், ஆனால் சாலையின் தோற்றம் அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. அகலமாக, நேராக, கறுப்பாக நீண்டு கிடக்கும் சாலையில் வருபவர், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்காக ஒவ்வொரு தெருமுனையிலும் வேகம் குறைப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். விதிக்கும் கண்ணுக்கும் சண்டை வந்தால் கண்தான் ஜெயிக்கும். எனவே ஓட்டுநர்கள் ஏற்கெனவே நம்புவதையே விதியாக்குவது என்று முடிவானது. அகலச் சாலை முதன்மைச் சாலை. குறுக்குத் தெருவின் இரு வாயிலும் வழிவிட வேண்டியவை. சாலைக் குறிகளை நிறுவ அதிகாரம் தருவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 116, அவற்றுக்குக் கீழ்ப்படியச் சொல்வது பிரிவு 119.

அடுத்த கேள்வி, எந்தப் பலகை? தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு' என்கிறது. வண்டி எதுவும் வராவிட்டால் நிற்காமலே நுழையலாம். சிவப்பு எண்கோணம் 'நில்' என்கிறது. யாரும் இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். நெருங்கும்போதே இருபுறமும் நன்றாகத் தெரிந்தால் முக்கோணம் போதும். இங்கே விளிம்புக்கு வந்த பிறகும் 29 மீட்டர்தான். ஆகவே எண்கோணம். இவ்விரண்டு பலகைகளின் வடிவமும் வேறெந்தப் பலகைக்கும் கிடையாது. தூசு படிந்திருந்தாலும், முதுகுப்பக்கத்திலிருந்து பார்த்தாலும், இது இன்னது என்று புரியும். முதன்மைச் சாலையில் வருபவரும் குறுக்குத் தெருவுக்கு 'நில்' இருக்கிறது என்று பின்னாலிருந்தே தெரிந்துகொள்கிறார்.

முதல் கட்டத்தில் செய்தவை:

1. குறுக்குத் தெருவின் இரு வாயிலிலும் இடப்பக்கம் 'நில்' பலகை, சாலையில் நிறுத்தக் கோடு.
2. அகலச் சாலையில் முனையிலிருந்து இருபுறமும் 15 மீட்டருக்கு வண்டி நிறுத்தத் தடை, மஞ்சள் ஓரக்கோடு.
3. மினி லாரி உரிமையாளருக்கு வேறு இடம் காட்டியது. தடைப் பலகை வைக்கும் முன்பே அவரிடம் பேசியதால் தகராறு வரவில்லை.

## பிசகியவை

முதல் பிசகு, நிறுத்தக் கோட்டின் இடம். கோடு போட்டவர்கள் சிக்னல் சந்திப்புகளில் போட்டுப் பழகியவர்கள். விளிம்பிலிருந்து 3 மீட்டர் பின்னால் போட்டுவிட்டார்கள். அங்கே பம்பரை நிறுத்தினால் கண் விளிம்பிலிருந்து 5.2 மீட்டர் பின்னால். அந்த இடத்திலிருந்து எதிர்ப் பாதியில் தெரிவது, சுவர் முனைக்கு அப்பால் சுமார் 6 மீட்டர் மட்டுமே. சொன்ன இடத்தில் நின்றவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பத்து நாளில் ஓட்டுநர்கள் அந்தக் கோட்டை மதிப்பதை விட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நின்றவருக்குப் பயன் தராத கோடு, அடுத்த சந்திப்பில் இருக்கும் சரியான கோட்டுக்கும் மரியாதையைக் கெடுத்துவிடும். இங்கே நடைபாதைக் கோடுகள் இல்லாததால் நிறுத்தக் கோட்டை அகலச் சாலையின் விளிம்பை ஒட்டியே மாற்றிப் போட்டார்கள். பழைய கோட்டைக் கறுப்புப் பெயின்ட்டால் மறைத்தது போதவில்லை, இரவில் ஹெட்லைட் பட்டதும் பளபளத்தது. சுரண்டி எடுத்த பிறகே குழப்பம் தீர்ந்தது.

இரண்டாவது, எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. முதன்மைச் சாலை என்று அறிவித்ததும் அகலச் சாலையில் வேகம் கூடியது. 50 மீட்டரை 4.5 வினாடியில் கடந்தவர்கள் 4 வினாடிக்கு வந்தார்கள், அதாவது மணிக்கு 45 கி.மீ. குறுக்கே வருபவர் நிற்பார் என்ற நம்பிக்கை காலில் இறங்கிவிட்டது. முதலில் தள்ளிவைத்த வேகத்தடை இப்போது அவசியமானது. தெருக்காரர்கள் போடும் கூரிய மேடாக இல்லாமல், வட்ட வளைவு ஆரம் 17 மீட்டர், அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ. என்ற இந்திய அளவுப்படி போட்டார்கள். இது மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் இடுப்பு நோகாமல் கடக்கக்கூடியது. 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. கூரிய மேட்டைப் பார்த்தால் இருசக்கர வண்டிகள் ஓரத்துச் சந்தில் புகுந்து போகும். சந்திப்பை ஒட்டி அப்படி ஓரம் போகும் வண்டிதான் குறுக்குத் தெருவிலிருந்து வருபவரின் பம்பருக்கு மிக அருகில் வரும். அதனால் வேகத்தடை இங்கே விளிம்பு முதல் விளிம்பு வரை முழு அகலத்துக்கும் போடப்பட்டது, மழைநீர் போகச் சிறு இடைவெளி மட்டும் விட்டு.

மூன்றாவது, மரியாதை. அகலச் சாலையில் வடக்கிலிருந்து வந்த ஒரு கார், குறுக்குத் தெருவில் நின்றவரைப் பார்த்து இரக்கப்பட்டு நின்று, போங்கள் என்று கை காட்டியது. அவர் கிளம்பினார். நின்ற காரை வலப்பக்கமாக ஒதுங்கி முந்திய பைக் ஒன்று சட்டென்று முன்னால் வந்தது. கை காட்டியவருக்குத் தன் பின்னால் வருபவர் தெரியவில்லை. கிளம்பியவருக்கு அந்தக் காரே மறைப்பு. மயிரிழையில் தப்பினார்கள். முதன்மைச் சாலையில் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நின்று வழி கொடுப்பது நல்ல மனத்தின் வேலைதான், ஆனால் தனக்கு உரிமையில்லாத மற்றவர்களின் வழியையும் சேர்த்துக் கொடுப்பது ஆகிவிடுகிறது. ஹெட்லைட்டை மின்னுவதும் அப்படியே. ஒருவர் 'நான் வருகிறேன், நில்' என்று மின்னுகிறார், எதிரே இருப்பவர் அதை 'நீ போ' என்று எடுத்துக்கொள்கிறார்.

கிழக்கு வாயிலின் பலகையை மரக்கிளை ஒன்று மூன்று மாதத்தில் மூடிவிட்டதும், விழா பேனர் ஒன்று அதே கம்பத்தில் கட்டப்பட்டதும் சிறிய செய்திகள். ஆனால் பலகை மறைந்திருந்த நாட்களில் சந்திப்பு பழைய நிலைக்கே போனது.

## சுவர்

நிறுத்தத் தடையால் 9 மீட்டர் 29 ஆனது. அப்போதும் 45 இல்லை. மிச்சம் சுவரில் இருந்தது.

சுவர் வீட்டுக்காரரின் சொந்தம், அவருடைய எல்லைக்குள் இருப்பது. அவர் முதலில் மறுத்தார். பாதுகாப்பு போய்விடும் என்ற அவர் அச்சத்தில் நியாயம் உண்டு. நான்கு மாதம் கழித்து, பொறுப்பில் இருந்த பொறியாளர் அவரைத் தன் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நிறுத்தக் கோட்டுக்கு ஒரு கார் நீளம் பின்னால் நிறுத்தினார்.

"இடப்பக்கம் என்னங்க ஐயா தெரியுது?"

"என் சுவருதான் தெரியுது."

மேற்கொண்டு வாதம் இல்லை. கம்பிக் கிராதியாக மாற்றித் தருகிறேன் என்றார் அவர். நல்ல யோசனையாகத் தெரிந்தாலும் கிராதி இந்த இடத்துக்கு உதவாது. நேர் எதிரே நின்று பார்த்தால்தான் கம்பிகளுக்கு இடையே தெரியும். ஓட்டுநர் பார்க்கும் சாய்ந்த கோணத்தில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவரைப் போலவே மறைக்கும். ஆகவே மூலையிலிருந்து இருபுறமும் 3 மீட்டர் நீளத்துக்குச் சுவரை 0.9 மீட்டராகத் தாழ்த்துவது என்று ஒப்புக்கொண்டார். கார் ஓட்டுநரின் கண் உயரம் 1.2 மீட்டர் எனக் கொள்வதால் 0.9 மீட்டர்ச் சுவர் மறைக்காது. உள்ளே இருந்த செம்பருத்திச் செடியையும் அதே உயரத்துக்கு வெட்டினால்தான் பயன் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. பம்பர் விளிம்பைத் தொடும் நிலையில் இடப்பக்கப் பார்வை 29-லிருந்து சுமார் 60 மீட்டர் ஆனது. மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்கான நிறுத்தத் தூரம் 60 மீட்டர்.

## ஓட்டுநர்களுக்குச் சொன்னது

சந்திப்பு மாறிய பிறகு அந்தப் பகுதியின் ஆட்டோ ஓட்டுநர்களையும் பள்ளி வேன் ஓட்டுநர்களையும் நேரில் அழைத்துவந்து காட்டினார்கள். துண்டறிக்கையைவிட அது பலித்தது. காட்டியது இரண்டு கட்ட நிறுத்தம். முதலில் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். முதல் கியர் போட வேண்டிய அளவுக்கு நின்றால்தான் அது நிற்றல். பிறகு கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கண் சுவர் முனையைத் தாண்டியதும் மறுபடி நின்று, வலம், இடம், வலம் பார்க்க வேண்டும்.

தலையை அசைத்துப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் உள்ள தூண்கள். நாமும் குறுக்கே வரும் பைக்கும் ஒரே புள்ளியை நோக்கி மாறாத வேகத்தில் நெருங்கினால், கண்ணாடியில் பைக் இருக்கும் இடம் மாறவே மாறாது. தூணுக்குப் பின்னால் இருந்தால் மோதும்வரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். கண் அசைவதைப் பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். உடம்பை அரை அடி முன்னே சாய்த்தால் மறைந்தது வெளியே வரும். முழுதாக நிற்கச் சொல்வதன் பயனும் இதுவே: நாம் நின்றுவிட்டால் அவர் வண்டி கண்ணாடியில் நகரத் தொடங்கிவிடும்.

## பின்விளைவு

ஸ்கூட்டர் ஓட்டியவர் குணமாகி மறுபடி வண்டி ஓட்டுகிறார். இருவரிடமும் கவனக்குறைவு இருந்ததாகவே விசாரணை முடிந்தது.

வேகத்தடை போட்டு, சுவர் தாழ்ந்த பிறகு ஓராண்டில் இந்தச் சந்திப்பில் காயம் ஏற்படுத்திய மோதல் எதுவும் பதிவாகவில்லை. ஒரு சந்திப்பை, ஓராண்டை வைத்து வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. மோதல் நடந்த இடத்தில் அடுத்த ஆண்டு எதுவும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை தானே குறைவது உண்டு. நம்பக்கூடியது வேறு: சுண்ணாம்புக் கோட்டில் அளந்த வேகம் 50 மீட்டருக்கு 6 வினாடியை ஒட்டி வந்து நிலைத்திருக்கிறது, சுவர் முனையில் புதிய பெயின்ட் கீறல் இல்லை. குறுக்குத் தெருவில் முழுதாக நிற்பவர்கள் இன்னும் எல்லோரும் அல்லர். ஊர்ந்தபடியே பார்த்துப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஹார்ன் அடித்துவிட்டு நுழைபவர்கள் அருகிவிட்டார்கள்.

## மறுபடி செய்வதானால்

தார் வேலைக்கு மதிப்பீடு போடும்போதே கோடும் பலகையும் அதற்குள் வர வேண்டும். புதுத் தார் திறக்கப்படும் முதல் நாளிலேயே யார் வழிவிடுவது என்பது சாலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேகத்தடையை முதன்மைச் சாலை அறிவிப்போடு சேர்த்தே போட்டிருக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் நாமே ஆபத்தைக் கூட்டினோம். நிறுத்தக் கோட்டின் இடத்தை வரைபடத்தில் தீர்மானிக்காமல், ஒருவரைக் காரில் உட்காரவைத்து அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சுண்ணாம்பால் குறித்து, பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும்.

தென்மேற்கு மூலை இன்னும் தீரவில்லை. அங்கே மின்மாற்றி ஒன்று வேலியோடு நிற்கிறது. மேற்கு வாயிலிலிருந்து வருபவருக்கு வலப்பக்கத்தை, அதாவது கிட்டப் பாதியில் வருபவரை அது மறைக்கிறது. இடம் மாற்றக் கோரிக்கை போயிருக்கிறது. அதுவரைக்கும் எதிர் மூலையில் குவி கண்ணாடி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. குவி கண்ணாடியில் வண்டி சிறிதாக, தொலைவில் இருப்பதாகத் தெரியும், வேகத்தைக் கணிக்க முடியாது, இரவில் ஹெட்லைட் கூசும். அதில் வண்டி தெரிந்தால் நிற்கலாம். தெரியவில்லை என்பதை நம்பிக் கிளம்பக் கூடாது. மேற்கு வாயில் ஓட்டுநர்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட்டது, கண்ணாடியைத் துடைக்கும் பொறுப்பு மாதம் ஒருமுறை என்று சாலைப் பணியாளர் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளது.